சாமிப்படத் தட்டில் ஒட்டிய பொத்தான்

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். இவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று மாதமாகிறது. நான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மகள் படிப்பது வேறு நகரத்தில். அந்தக் கவலையில், எங்கள் வீட்டு அபாய மணியோடு சேர்ந்து வேலை செய்கிற, வயர் இல்லாத பொத்தானொன்றை வாங்கி வந்திருந்தாள். இவருடைய கட்டில் தலைமாட்டில் ஒட்டுவதற்காக அதன் பின்பக்கத் தாளை உரித்தாள். பசையின் மணம் வந்தது.

"அம்மா, ஒருக்கா அமத்திப் பாருங்கோ. அடிக்குதோ எண்டு பாப்பம்."

நான் அமத்தவில்லை. குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். அவளே அமத்தினாள். மணி அடித்த சத்தத்தில் நான் வைத்திருந்த பாத்திரம் தொட்டிக்குள் விழுந்தது. "என்னம்மா?" என்று ஓடிவந்தாள். உங்கள் கையில் பிறந்தவள்தான், அக்கா. ஆனால் நடந்தது எதையும் நான் அவளுக்கு முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்கே சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது.

ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில், உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரிகிற அந்த ஒடுங்கிய தெருவில், அந்த ஒழுங்கையில், நான் கலியாணம் முடித்து வந்தபோது, நீங்கள் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தனியாக இருந்தீர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகர வேலி. அதில் ஆள் நுழைகிற ஒரு சின்னப் படலை. வந்த முதல் கிழமையே அந்தப் படலையால் ஒரு கோப்பை மீன் குழம்பு வந்தது. "உப்புக் காணாட்டில் சொல்லும் பிள்ளை, நான் உப்புக் குறைச்சுத்தான் சாப்பிடுறனான்" என்றீர்கள். அப்போது சமாதானக் காலம். இரண்டு வருடம் கழித்துச் சண்டை திரும்பத் தொடங்கியது. நாலு மணிக்கே கடைகள் பூட்டின. ஆட்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு இலக்கத் தகடில்லாத வான்கள் ஊருக்குள் ஓடுகின்றன என்ற கதை வந்தது. அதன் பிறகு கதை வரவில்லை, வானே வந்தது.

ஒழுங்கை முகப்பில் சைக்கிள் திருத்துகிறவரைக் காலை பத்து மணிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி கத்திய சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டது. ஒரு கதவும் திறபடவில்லை. வந்தவர்கள் யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. அன்று பின்னேரம் படலையால் வந்து என் குசினிக் கதிரையில் இருந்தீர்கள்.

"நானும் கதவைச் சாத்திப்போட்டுத்தான் இருந்தனான் பிள்ளை," என்றீர்கள். "கத்துறது ஆரெண்டு விளங்கினது. எழும்பக் கால் வரேல்லை."

இவர் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அவரோடு வேலை செய்த இரண்டு பேரை அதற்குள் காணவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரிந்தால் அதை விட்டுவிட்டு நடக்கலாம். தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயந்தோம். வாகனச் சத்தம் கேட்டால் இவர் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருப்பார். சத்தம் கடந்து போன பிறகுதான் சோற்றைப் பிசைவார். என் வயிற்றில் அப்போது ஐந்து மாதம்.

கண் காட்டக் கொழும்புக்குப் போன நீங்கள் திரும்பி வரும்போது அந்த வயர் இல்லாத பெல்லையும் அதன் பொத்தானையும் கொண்டுவந்தீர்கள். வயர் இல்லாத பொருள் எதைக் கண்டாலும் குண்டு வெடிக்க வைக்கிற கருவியோ என்று பிடிக்கிற காலம் அது. சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸால் இறக்கிப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பொத்தானைப் பிரஷர் பார்க்கிற கருவியின் துணிக்குள் சுற்றி, உங்கள் பழைய மருத்துவப் பையின் அடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். எத்தனை இடத்தில் இறங்கி நின்றீர்கள் என்று கேட்டேன். "எண்ணேல்லை. எண்ணினா முகத்தில தெரியும்," என்றீர்கள்.

உங்கள் திட்டம் எளிமையானது. பொத்தான் எங்கள் வீட்டில். பெல் உங்கள் வீட்டில். வான் வந்தால் நான் அமத்த வேண்டும். நீங்கள் வெளியே வந்து ஒழுங்கைச் சனத்தைக் கூட்டுவீர்கள். "அவையளுக்கு ஆக்கள் நிண்டு பாக்கிறது பிடிக்காது. ஒருத்தர் வந்தா மற்றவையும் வருவினம். முதல் ஆளுக்குத்தான் பஞ்சம்."

முதலில் உங்கள் குசினியில் பெல்லைச் செருகிப் பார்த்தோம். நான் இங்கிருந்து அமத்தினால் அங்கே சத்தமே இல்லை. நடுவில் தகர வேலி, உங்கள் குசினியின் தடித்த சுவர். உங்கள் முன் அறைக்கு மாற்றினோம். அங்கே யன்னலோரத்து பிளக்கில் குத்தியபோது கேட்டது. குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அதைத் தவிர வேறு சத்தம் அதில் இல்லை. உங்கள் முற்றத்து மாமரத்தில் விடிந்தால் குருவிகள்தான். முதல் இரண்டு கிழமையும் ஒவ்வொரு குருவிக்கும் எழும்பி ஓடிவந்தீர்கள்.

பொத்தானை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கதையாக இருந்தது. கதவடியில் வைக்கலாம் என்றார் இவர். "கதவடியிலதான் அவையள் நிப்பினம்," என்றீர்கள். மேசைக்குக் கீழே என்றேன் நான். "குனிஞ்சாக் கையைப் பாப்பினம்." அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாமிப்படத் தட்டுக்கு முன்னால் போய் நின்றீர்கள்.

"பயந்த பொம்பிளை சாமிப்படத்துக்குப் போனா ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். இதுக்குக் கீழ ஒட்டுவம். உங்கட சாமி கோவிக்காதுதானே?"

நீங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தத் தட்டைத் தொட்டீர்கள். பின்பக்கத் தாளை உரித்து, தட்டின் அடிப்புறத்தில் வைத்து, நூறு எண்ணுமட்டும் பெருவிரலால் அழுத்திப் பிடித்தீர்கள். அந்தப் பசை மணம் விளக்கெண்ணெய் மணத்தோடு கலந்து இருந்தது. அமத்தினால் அதற்குள் இருக்கிற பற்றரியில் சிவப்பாக ஒரு துளி வெளிச்சம் மின்னும். அதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் மணி அடிக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நான் நம்பினேன்.

எனக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். காற்றாடி நின்றுவிட்டிருந்தது. இவர் கதிரையிலிருந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். வாகனச் சத்தம் வந்தது, கடந்து போகவில்லை. மூன்று பேர் செருப்போடு உள்ளே வந்தார்கள். ஒருவன் தொப்பி போட்டிருந்தான். இவருடைய பெயரைச் சொல்லி, "ஒரு சின்ன விசாரணை. அரை மணித்தியாலத்தில கொண்டுவந்து விடுவம்," என்றான். இவர் எழும்பிச் சேட்டைத் தேடினார். சேட் அவர் உடம்பில்தான் இருந்தது.

நான் சாமிப்படத்துக்குப் போனேன். நீங்கள் சொன்னது சரி, யாரும் கேட்கவில்லை. தட்டுக்குக் கீழே விரலை விட்டு அமத்தினேன். சிவப்பு மின்னியது. திரும்பவும் அமத்தினேன். மின்னியது. உங்கள் வீட்டில் அடிப்பது எனக்கு இங்கே கேட்காது. அந்த நேரத்தை எப்படிச் சொல்வது, அக்கா? அவர்கள் இவரை முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வானின் கதவு இழுபட்ட சத்தம் கேட்டது.

அப்போதுதான் படலை அடிபட்டது. வெறுங்காலோடு, கையில் மருத்துவப் பையோடு நீங்கள் வந்தீர்கள்.

"பிள்ளை, நோவு தொடங்கிட்டுதோ? இருக்கவேண்டாம், நிண்டுகொள்ளும்."

எனக்கு விளங்கவில்லை. நீங்கள் என் தோளைப் பிடித்து நகம் பதிய அழுத்திய பிறகுதான் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அந்தக் கத்தலுக்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. என்னை வாசலில் சாய்த்துவிட்டு நேரே தொப்பிக்காரனிடம் போனீர்கள். வேலைக் காலத்தில் பழகிய சிங்களத்தில் சொன்னீர்கள்: பிள்ளை பிறக்கப் போகிறது, மாதம் நிறையவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தாயும் பிள்ளையும் தப்பாது, நல்ல வேளை நீங்கள் வாகனத்தோடு நிற்கிறீர்கள், ஏற்றுங்கள்.

சொல்லிக்கொண்டே ஒழுங்கைப் பக்கம் திரும்பி, "வாங்கோ, வந்து ஒரு கை பிடியுங்கோ," என்று கூப்பிட்டீர்கள். ஒரு கதவு திறந்தது. சைக்கிள்காரரின் மனைவிதான் முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள். அவள் வானுக்கு முன்னால் போய் நின்று உள்ளே இருந்தவனின் முகத்தையே பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொப்பிக்காரன் உங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். இவருடைய கையை விட்டான். "திரும்பி வருவம்," என்று சொல்லிவிட்டு ஏறினான். வான் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனது.

நான் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நல்ல காலம் பெல் அடிச்சுது அக்கா," என்றேன்.

என் காதுக்குள் மட்டும் சொன்னீர்கள்: "கரண்ட் இல்லையே பிள்ளை. பெல் என்னெண்டு அடிக்கும்? நான் வானைக் கண்டிட்டு வந்தனான்."

அந்த யன்னலடியில் நீங்கள் நின்றிருக்காவிட்டால் என்று இன்றுவரை என் மனம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது.

பொழுது படுமுன் உங்கள் கோயில் பாதரின் வாகனத்தில் இவரைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தீர்கள். அங்கிருந்து அவர் வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை பிறக்குமட்டும் நான் அந்த ஒழுங்கையிலேயே இருந்தேன், உங்களை நம்பி.

இனிச் சொல்லப் போவதுதான் நான் சொல்லாமல் விட்டது.

இவர் போய்ப் பத்து நாளில் அவர்கள் திரும்பி வந்தார்கள். காலை ஒன்பது மணி. என் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர். வான் நின்ற சத்தம் கேட்டதும் முன் யன்னல் இடுக்கால், வேலிக்கு மேலால் பார்த்தேன். நீங்கள் உள்ளே போய் இரண்டு கதிரை எடுத்துவந்து முற்றத்தில் போட்டீர்கள். அவர்களுடைய முதுகு என் வீட்டுப் பக்கம் இருக்கும்படி போட்டீர்கள். அதை நான் பார்த்தேன், அக்கா.

இவர் எங்கே என்று கேட்டார்கள். "நான் பிள்ளைப்பேறு பாக்கிறவ. ஆம்பிளையளின்ர போக்குவரத்து எனக்கென்ன தெரியும்?" என்று சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஒருவன் எழும்பி உங்கள் பையை வாங்கி முற்றத்தில் தலைகீழாகக் கொட்டினான். பிள்ளையின் துடிப்புக் கேட்கிற குழல், கத்தரிக்கோல், பஞ்சு எல்லாம் மண்ணில் விழுந்தன. மற்றவன் கையை ஓங்கினான். அடித்தானா என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் ஆள் நானாக இருந்திருக்க வேண்டும். படலை பத்தடி தூரம். நான் கத்தியிருந்தால் சைக்கிள்காரரின் மனைவி வந்திருப்பாள். ஒழுங்கை வந்திருக்கும். நான் யன்னலுக்குக் கீழே தரையில் இருந்து, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காக என்று எனக்கு நானே சொன்னேன். பிள்ளை இல்லாவிட்டாலும் எழும்பியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். உங்கள் வீட்டில் ஒரு பொத்தான் வைக்க வேண்டுமென்று ஏன் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை என்று அந்த ஒரு மணித்தியாலமும் யோசித்தேன். வைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்?

அவர்கள் போன பிறகு நீங்கள் முற்றத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்துப் பையில் வைத்தீர்கள். என் யன்னலை ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வழக்கம்போலப் படலையால் வந்து எனக்குப் பிரஷர் பார்த்தீர்கள். குழலை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டீர்கள். உங்கள் இடது கன்னம் வீங்கியிருந்தது. நீங்கள் கேட்காத கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன்.

"நேற்றுக் காலமை ஆரோ வந்தவையாமே அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாது. நான் நல்ல நித்திரை."

குழலைக் காதிலிருந்து எடுக்காமல், "ஓம் பிள்ளை, இந்த மாதத்தில நித்திரை நல்லது," என்றீர்கள்.

மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு நான் விமானம் ஏறினேன். அதன் பிறகு எத்தனை வருடம் தொலைபேசியில் கதைத்தோம். மகளுக்குப் பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனது, உங்கள் கண் அறுவை, மாமரம் காற்றுக்கு விழுந்தது, எல்லாம் கதைத்தோம். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுப்பேன். "பிள்ளை சுகமோ?" என்று உங்கள் குரல் வந்ததும் அது உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் சைக்கிள்காரரின் மனைவிதான் அழைத்து, நீங்கள் போய்விட்டதைச் சொன்னாள். கடைசி நேரத்தில் தான் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னாள். நான் அழுதேன். அழுதுகொண்டே, இனி யாரிடம் சொல்வது என்றுதான் நினைத்தேன்.

இங்கே, எங்களுக்கு மேல் மாடி வீட்டில் யாராவது சத்தமாகக் கதைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு போகிறேன். போய் நின்று, என்ன என்று கேட்கிறேன். இவர் பேசுவார், உமக்கேன் தேவையில்லாத வேலை என்று.

அக்கா, நான் அன்று நித்திரையில் இருக்கவில்லை.