பெயர் தெரியாதவனைப் புதைத்த அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன மாதமே சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. செங்கலடிப் பள்ளிக்கூடம் நிறைய இடம்பெயர்ந்த சனம். வாவியில் தோணி இறக்கக் கூடாதென்று ஆமிச் சிப்பாய்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் வலை வேலியில் காய்கிறது.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன், இதைப் படிக்கிறவர்களும் நடந்ததை அறியட்டும்.

சுற்றிவளைப்பில் அண்ணாவை ஆமி பிடித்துப்போன அடுத்த மாரியில், உங்கள் வலையருகே ஓர் உடல் மிதந்து வந்தது. ஆமி உடுப்பு. முகம் சிதைந்திருந்தது. யார் விசாரிப்பார்களோ என்று மற்றத் தோணிகள் விலகிப் போயின. நீங்கள் அதைக் கரைக்கு இழுத்து, கண்டல் மரங்களுக்குப் பின்னால் தனியாகக் குழி வெட்டினீர்கள்.

அம்மா வாசலை மறித்தா. "என்ட புள்ளையக் கொண்டுபோனவனுக்கா குழி வெட்டிப்போட்டு வாறீங்க?"

"அதுக்கு? நாய் தின்ன விடுறதா?" என்றீர்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா உங்களுக்குச் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவா. பக்கத்தில் நின்று பரிமாறியதில்லை.

சமாதானம் என்று சொன்ன காலத்தில், ஏறாவூரிலிருந்து மீன் வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி, நாம் நானா என்று கூப்பிடுகிறவர், ஒரு சிங்களத் தாயையும் ஒரு பிக்குவையும் அந்தக் குழியடிக்குக் கூட்டி வந்தார். அந்தத் தாயின் மகன் நம் பகுதியில் காணாமல் போன சிப்பாய். நானாதான் மொழிபெயர்த்தார்.

"உங்கட மகன்தான் எண்டு நான் சொல்லமாட்டன். முகம் தெரியல்ல" என்றீர்கள்.

அந்தத் தாய் குழியருகே மணலில் உட்கார்ந்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார், நானா அதைத் தமிழில் சொன்னார்:

"ஆர்ர புள்ளையா இருந்தாலும், இதில கிடக்கிறவனுக்குப் புண்ணியம் சேரட்டும் எண்டு சொல்றா, அண்ணன்."

பிக்கு ஓத, அந்தத் தாய் செம்புத் தண்ணீரைக் கோப்பையில் வழிய வழிய ஊற்றினார். செய்த நன்மையை இறந்தவருக்குக் கொடுப்பதாம். நம்முடைய எள்ளும் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. பிறகு பிக்கு அண்ணாவின் பெயரைக் கேட்டார். உங்கள் முகம் இறுகியது.

"அவன் சாகல்ல."

பிக்கு தலையசைத்து மெல்லப் பேசினார். நானா சொன்னார்: "உசிரோட இருக்கிறவங்களுக்கும் நல்லது வேணுமெண்டு ஓதலாமாம்."

"குமரன்" என்றீர்கள். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அந்தத் தாய் அதைச் சொல்லிப் பார்த்தார், நாக்குப் புரளவில்லை. மறுபடி சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தியில் கரைப்பக்கம் யாரோ அந்தப் பெயரைத் தப்பாக உச்சரிப்பது எனக்குக் கேட்கிறது. உங்களுக்கும் கேட்டதா அப்பா? வலை வீசும்போது ஏன் அடிக்கடி திரும்பிப் பார்த்தீர்கள்?

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் படையல். தூரத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா உங்களுக்கு இலை போட்டா. பக்கத்தில் இன்னோர் இலை போட்டா.

"அண்ணாவுக்காம்மா?"

"வாயப் பொத்து. அவன் வருவான். இது உன்ட அப்பா புதைச்ச புள்ளைக்கு."

தன் கையாலேயே சோறு போட்டா. மீன் குழம்பை அள்ளிய கை நடுவில் நின்றது.

"அவனுக்கு இந்த உறைப்பு ஒத்துக்குமா புள்ள?"

வெளியே போய் அழுதேன்.

அப்பா, ஒவ்வொரு வருசமும் இரண்டு இலை போடுவோம். அண்ணாவுக்கென்று மூன்றாவதையும் போட்டுவிடு என்று யார் வந்து சொன்னாலும், என் அண்ணாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். பதில் வரும்வரை கேட்பேன்.

குமரனின் தங்கை,
உங்கள் மகள் செல்வி