பதினோராம் கேள்வி

ஏப்ரல் 3

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன தடவை வந்தவள் ஒரு வாய் சாப்பிடாமல் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் உன் முகத்துக்காகத்தான் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவராக இருபத்திரண்டு பிள்ளைகள் உங்கள் ஆஸ்பத்திரியின் இதய ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தார்கள். "நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்லன்னா நமக்கு ஏத்த மருந்த எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று நீ கேட்டதை உன் மாமா இன்னும் நடித்துக் காட்டுகிறார்.

ஆறு மாதமாக ஒரு தகவலும் இல்லையே என்று கீழ்வீட்டுத் தையல்காரி கேட்டாள். "ஏதாவது இருந்தா என் தங்கச்சி சொல்லாம இருப்பாளா?" என்றேன். எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுத்த நம் சின்னவளுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சோம்பேறி என்று திட்டுகிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. படிவத்தில் பதினோராம் கேள்வி, ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா என்பது. அதை வாசித்த முதல் நாலு வீட்டிலும், "நல்லா இருக்கிற புள்ளைக்கு நோயத் தேடி வரியா?" என்று கதவைச் சாத்தினார்கள். ஐந்தாம் வீட்டிலிருந்து நான் வாசிக்கவில்லை. எப்படியும் மறுப்பார்கள் என்று நானே 'வேண்டாம்' என்று குறித்துக் கையெழுத்து மட்டும் வாங்கினேன். உன்னிடமும் அப்படித்தான்.

நேற்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த இருபத்திரண்டில் ஒரு பிள்ளைக்கு இதயக் கோளாறுக்கான அடையாளம் இருக்கிறது. யார் என்று தெரியாது, ரத்தக் குப்பியில் குடியிருப்பின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும்தான். 'வேண்டாம்' என்றவர்களில் எந்த எண் யாருடையது என்ற பட்டியலை அப்போதே அழித்துவிட்டார்கள், அது விதி. மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுதேன். அழித்தது திரும்பி வராது என்கிறார்.

சின்னவளை உடனே இதய டாக்டரிடம் காட்டு. மற்ற வீடுகளுக்கும் சொல். நான் வந்து ஒவ்வொருவர் காலிலும் விழுகிறேன்.

தங்கச்சி

ஏப்ரல் 26

தங்கச்சிக்கு,

சின்னவளுக்கு இதயத்தில் ஒன்றுமில்லை, ரத்தச்சோகைதானாம். கேட்டதும் சந்தோஷப்பட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சந்தோஷம் எனக்கே அசிங்கமாகிவிட்டது.

இருபத்தொரு வீட்டுக்கும் போனேன். "மறுபடியும் ஆள் பிடிக்க அனுப்பினாளா?" என்றார்கள். தையல்காரி மெஷினை நிறுத்தவே இல்லை. "ஒண்ணுமில்லன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றாள். மூன்று வீட்டார்தான் டாக்டரிடம் போனார்கள். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை.

காலையில் மீதிப் பதினெட்டுப் பிள்ளைகளும் பள்ளி வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். நான் ஜன்னலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறேன். மாலையில் திரும்பி வரும்போதும் எண்ணுகிறேன்.

நீ இங்கே வராதே. உன்னைப் பார்த்தால் திறந்திருக்கிற ஒன்றிரண்டு கதவுகளையும் சாத்திவிடுவார்கள். என் கதவைப் பற்றியும் இப்போது கேட்காதே.

அக்கா