பல்லைப் பிடுங்காதே, சலேஹா

ரங்கூனில் இருக்கும் அருமை மகள் சலேஹாவுக்கு, பினாங்கு சூலியா தெருவிலிருந்து உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா சுகம், தம்பி இஸ்மாயில் வாப்பாவோடு கடைக்குப் போய்வருகிறான். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடி இருக்க துஆச் செய்கிறேன்.

கடைவாய்ப் பல் வலி தாங்கவில்லை, பிடுங்கிக்கொள்ளப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் மகளே, கொஞ்சம் பொறு. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, நீ கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. பல் வலிதான் என்று நம்பி ஒன்றைப் பிடுங்கினேன், நிற்கவில்லை, பக்கத்துப் பல்லையும் பிடுங்கினேன், இப்போது வலது பக்கம் வெறும் ஈறுதான், வலி மட்டும் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் குற்றமே இருந்திருக்காது, முகத்துக்கு வரும் நரம்புதான் கெட்டிருக்கிறது என்றார். வாப்பா தலையில் அடித்துக்கொண்டார்கள். சொத்தைப் பல் என்றால் விண்விண்ணென்று விடாமல் தெறிக்கும். இது அப்படியில்லை, காற்றுப் பட்டால், முந்தானை உரசினால், ஒரு வாய் மென்றால் கன்னத்தில் கத்தியை விட்டு இழுத்தமாதிரி ஒரு வெட்டு, மூச்சு விடுவதற்குள் போய்விடும், ஆனால் மறுபடி எப்போது வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேனே, அந்தப் பயம்தான் என்னைத் தின்கிறது. பாங்குச் சத்தம் கேட்டால் அல்லாஹ்வை நினைப்பதற்கு முன்னே தொழுகைக்கு முன் கழுவும்போது முகத்தில் படப்போகும் ஒளுத் தண்ணீரை நினைக்கிறேன், அதைச் சொல்லவே நடுக்கமாயிருக்கிறது. உனக்கு எப்படி வலிக்கிறது, கன்னத்தைத் தொட்டால் வலிக்கிறதா என்று மறைக்காமல் எழுது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லி நல்ல டாக்டரிடம் முதலில் காட்டு.

நரம்பில் சாராய ஊசி போட்டால் வலி சில மாதம் அடங்கும், சில பேருக்கு வருஷக்கணக்கிலும் வராது, ஆனால் அந்தப் பக்கக் கன்னம் மரத்துப்போகும் என்கிறார் டாக்டர். சாராயமா என்று எழுந்து வந்துவிட்டேன். மருந்துக்குக் குற்றமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியும் போகவில்லை, சாராயம் ஒரு சாக்குத்தான், எனக்கு ஊசிக்குப் பயம், வாய் கோணிவிடுமோ, சோறு வழிந்தாலும் தெரியாதோ என்று பயம். உன் கடிதம் வந்த பிறகு, திங்கட்கிழமை வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். பயம் போய்விடவில்லை. இது உனக்கும் வந்திருந்தால், அந்த ஊசி எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதற்காகப் போகிறேன்.

அல்லாஹ் உன் முகத்தில் ஒரு வலியும் வைக்காமல் காப்பானாக. நீ பதில் எழுதி, நான் திரும்ப எழுதும்வரை பல்லில் யாரையும் கை வைக்க விடாதே.

உன் உம்மா,
நூர் பீவி