மதியம் ஓடும் மோட்டார்

சேந்தமங்கலம்,
தோட்டத்து வீடு.

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பெயரை உறையின் மேல் மட்டும் எழுதியிருக்கிறேன். உள்ளேயும் புருஷன் பெயரை எழுதினால் அத்தை அதற்கும் ஒரு பாட்டுப் பாடுவார். சத்தீஸ்கர் வெயில் நம் ஊர் வெயிலைவிட மோசம் என்று போன தடவை சொன்னீர்கள். போர் போடும் ரிக் வண்டியில் ஏறும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். என் போன் அத்தையிடம் இருக்கிறது. பேசினால் இருமல் வரும் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். ராத்திரி நீங்கள் கூப்பிடும்போது, "அவ தூங்கறா சாமி, நல்லாத்தான் இருக்கறா" என்று அவர் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நான் தூங்குவதில்லை. முட்டை அட்டை அடுக்கும் அறையில் கட்டில் போட்டு என்னை வைத்திருக்கிறார்கள். கதவுக்கு வெளித்தாழ்ப்பாள். நம் பாப்பா இனியா ஓடி வந்து என் மேல் விழுந்துவிடக் கூடாதாம்.

உங்கள் அப்பாவுக்குச் சளி என்றுதானே சொன்னார்கள்? அவர் சேலத்தில் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருக்கிறார். சித்தப்பா கைலாசம் கூட இருக்கிறார். நேற்று கண் திறந்து பார்த்தாராம், அதனால் பயப்பட வேண்டாம். நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று மறைத்துவிட்டார்கள். எனக்கும் அதே காய்ச்சல்தான். முதலில் வந்தது எனக்கு, அடுத்து வந்தது அவருக்கு. ஆகவே நான்தான் ஒட்ட வைத்தேன் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கொரோனா காலத்தில் பழகியது, இருமுகிறவரை அறையில் போட்டுப் பூட்டு.

ஆனால் சேலத்தில் என்னைப் பார்த்த டாக்டர் தீபிகா என்னிடம் சொன்னது வேறு. இங்கே பக்கத்தில் முதலில் போட்ட ஊசி எதுவும் எனக்குக் கேட்கவில்லை அல்லவா, அந்த அம்மாதான் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். லெஜியோனெல்லா என்று ஒரு கிருமி. வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் வளருமாம். அந்தத் தண்ணீர் பொடித்துளியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் இருமி இன்னொருவருக்கு வருவதில்லை, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் தூவுகிற இடம் எதிலாவது நின்றீர்களா என்று அடுத்துக் கேட்டார். அப்போதுதான் எனக்கு நம் கோழிக்கொட்டகை நினைவுக்கு வந்தது.

மேலே இருக்கும் கருப்புத் தொட்டி உங்களுக்குத் தெரியும், மதியத்தில் கை வைக்க முடியாது. கோழிக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து கலந்து கொடுத்தபோது, மருந்து கெட்டுவிடும் என்று பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்தினோம். அது சரிதான், எல்லாப் பண்ணையிலும் செய்வதுதான். மருந்து முடிந்த பிறகு திரும்பப் போட வேண்டும். பவுடர் வாடை இல்லாமல் கோழி நன்றாகக் குடிக்கிறது, முட்டையும் குறையவில்லை என்று உங்கள் அப்பா அப்படியே விட்டுவிட்டார். அந்தத் தண்ணீர்தான் பனி மாதிரி தூவும் ஃபாகர் குழாயிலும் வருகிறது. வெயிலுக்கு அதைத் திறந்தால் கொட்டகை முழுக்கப் புகை மாதிரி பரவுமே, அதில் நானும் அவரும்தான் தினமும் நின்றோம்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் அந்தத் தொட்டியிலிருந்தே ஒரு சொம்பு பிடித்து வந்து, என் கண் முன்னால் மடமடவென்று குடித்துவிட்டு, "எனக்கு என்ன ஆச்சு? கோழிக்குத்தான் என்ன ஆச்சு?" என்று கேட்டார். குடிப்பதில் இல்லை அத்தை, மூச்சில்தான் என்றேன். "படிச்ச புள்ள பேசறாப்ல பேசாத, அம்மிணி" என்று தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலவும் இருந்தது.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்குக் கஞ்சி வைத்து ஜன்னலில் கொடுப்பதும் அவர்தான். வீட்டில் புழுக்கம் தாங்காமல் பாப்பா அழுகிறாள் என்று, மதியத்தில் இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார். முதலில் மோட்டார் சத்தம் கேட்கும். பிறகு ஃபாகர் சீறும். பிறகு இனியா சிரிப்பாள். என் காய்ச்சல் ஒட்டிவிடக் கூடாது என்று என்னிடமிருந்து பிரித்த பிள்ளையை அந்தப் பனிக்குள் நிறுத்துகிறார். நான் கதவைத் தட்டுகிறேன். மோட்டார் சத்தத்தில் கேட்பதில்லை. கேட்டாலும் ஜன்னி என்பார்கள்.

நேற்றிலிருந்து வெளியே ஓர் இருமல் கேட்கிறது. குழந்தையின் இருமல் இல்லை. அத்தைக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. கேட்டால் தூசி என்கிறார்.

உங்களுக்கு ஊறுகாயும் துணியும் கொண்டு வரும் டிரைவரிடம் மாரக்காள் இதைச் சேர்த்துவிடுவாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள் என்றாலும் அவளையும் இதில் இழுத்துவிட்டேன், அவள் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். படித்தவுடன் அத்தையைக் கூப்பிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். தொட்டியை வடித்துத் தேய்த்து, பவுடர் போட்டு, குழாய்களையும் அலசும் வரை ஃபாகரைத் திறக்க வேண்டாம். கழுவுகிறவர் மூக்கை மூடிக்கொள்ளட்டும். அதுவரை கோழிக்குப் பக்கவாட்டில் ஈரச் சாக்குக் கட்டினால் போதும். இருமலுக்குச் சேலத்துக்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள், அந்த டாக்டரிடம்.

என்னைத் திறந்துவிடச் சொல்ல வேண்டாம். அதைச் சொன்னால் மற்றதெல்லாம் நான் வெளியே வரக் கட்டிய கதை ஆகிவிடும். நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்துகொள்கிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள். மோட்டாரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தனப்பிரியா