ஏழாவது கோப்பைக்கு இடம்

1986 மார்ச் 2, ஞாயிறு

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டார வருடாந்திரப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வந்துவிட்டது: ‘தொழில்முறை கோல்ஃப் வளர்வது அசைக்க முடியாத சாம்பியனாலா, எதிர்பாராத வெற்றியாளராலா?’ கடவுளே! போன வருடம் வரை நட்பு, நன்றி, குடும்பம் என்று ஒழுங்காகத்தான் இருந்தோம். நடுவர் கார்த்திகேசு ஐயாவுக்கு ரிட்டயரானதிலிருந்து கோல்ஃப் பைத்தியம். யார் போய்க் கேட்பது?

எதுவானாலும் சிறந்த பேச்சாளர் கோப்பை எனக்குத்தான். ஆறு வருடமாக வேறு யார் வாங்கியிருக்கிறார்கள்? ஷோகேஸில் ஏழாவதுக்கு இடம் ஒதுக்கச் சொன்னேன். “முதல்ல பேசிட்டு வாங்க லா” என்கிறாள் புஷ்பவல்லி. இவள் மனைவியா, எதிரணியா?

மார்ச் 5

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ‘எதிர்பாராத வெற்றியாளர்’. விடாமல் ஜெயிப்பவன் வாயால் இதைப் பேச வேண்டுமாம்!

எதிரணித் தலைவி ரமணி. கிள்ளானிலிருந்து வரும் டீச்சர், மேடைக்குப் புதுசு. பாவம்.

மார்ச் 9

ஆட்டம் என்னவென்று கேட்க ஐயா வீட்டுக்குப் போனேன். பழைய கோல்ஃப் பந்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்தார். “இத அடிச்சுக் குழியில போடணும். அவ்வளவுதான்.” இதற்கா டிக்கெட் வாங்கி வெயிலில் நிற்கிறார்கள்?

“பெரிய சாம்பியன் வந்தா கூட்டம் வரும். புது ஆள் ஜெயிச்சா, நம்மாலயும் முடியும்னு நாலு பேர் மட்டையை எடுப்பாங்க. எனக்கே எது சரின்னு தெரியல, வேலாயுதம்” என்றார்.

நடுவருக்கே தெரியவில்லை. அப்படியென்றால் தீர்ப்பு என் நாக்கில்தான்.

மார்ச் 16

கண்ணாடி முன் ஒத்திகை. பிரமாதம்.

மார்ச் 23, ஞாயிறு

பட்டிமன்றம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

ரமணி நன்றாகவே பேசினாள். “ஜனங்க ஆட்டத்தப் பாக்க வரல, ஆளப் பாக்க வராங்க. நம்ம வேலாயுதம் அண்ணனையே எடுத்துக்குங்க. இன்னிக்கு மண்டபம் ஏன் நெறஞ்சிருக்கு?” என்ன பண்பான பெண்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மறுக்க வேண்டியவனும் நான்தானே?

எழுந்தேன். “அதே வேலாயுதத்தையே கேக்குறேன். வருஷா வருஷம் அவரே ஜெயிச்சா மத்தவங்க எதுக்கு வரணும்? டீ குடிக்கவா? முடிவு தெரிஞ்ச ஆட்டம் செத்துப்போன ஆட்டம்!” மண்டபம் அதிர்ந்தது. இப்படி ஒரு கைதட்டல் நான் வாங்கியதே இல்லை.

தீர்ப்பு சொல்ல ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “வேலாயுதம் என் கண்ணத் தெறந்துட்டார். அவர் அணிக்கே வெற்றி. அவர் சொன்ன நியாயப்படியே, சிறந்த பேச்சாளர் கோப்பை ரமணிக்கு!”

முதலில் கை தட்டியவன் நான். பாதியில்தான் புரிந்தது.

ஐயோ, எனக்கு எதிரா நானே பேசி ஜெயிச்சுட்டேனே! இந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லையா? அது என் கோப்பை லா, என் கோப்பை!

மார்ச் 24

ஷோகேஸ் பக்கமே போகவில்லை. புஷ்பவல்லி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கோபம்.

மார்ச் 27

ஜெயராஜ் டீக்கடைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். உள்ளே கோப்பை யாருக்கு நியாயம் என்று ஒரே சண்டை. பாதிப் பேர் ரமணி பக்கம், பாதிப் பேர் என் பக்கம். ஆறு வருடத்தில் பட்டிமன்றத்தைப் பற்றி இந்தக் கடையில் ஒருவன் வாய் திறந்ததில்லை.

“எல்லாம் நீங்க கோப்பையத் தோத்ததாலதான் அண்ணே. வேற யாராச்சும் தோத்திருந்தா எவன் பேசுவான்? அடுத்த வருஷம் நீங்க திருப்பிப் புடுங்குறதப் பாக்க கிள்ளான் பக்கம் பண்டமாரான்லருந்தே ஆள் வருதாம்” என்றார் ஜெயராஜ். டீக்குக் காசும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஷோகேஸில் ஏழாவது இடத்தில் ஐயா கொடுத்த அந்தக் கோல்ஃப் பந்தைத் துடைத்து வைத்திருக்கிறாள் புஷ்பவல்லி. எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

பிறகு நானே கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தேன். அடுத்த வருடத்துக்கு இடம் வேண்டும்.