பூஜ்யம் போட்ட இடங்கள்

இன்று காலை என் நிரல் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் ஓடி முடிந்தது. வேறு யாராவது என்றால் நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து, நீ தந்த ரப்பர் ஷீட் துண்டை எடுத்து முகர்ந்தேன். இத்தனை வருடமாகியும் புகை வாடை போகவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போல் இருந்தது.

அப்போது நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில், ஒரே அறையில் இருந்தோம். அருமனையில் உன் சித்தப்பாவின் புகைப்புரையில் ரப்பர் ஷீட்டுகளை நாலைந்து நாள் புகையில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். உள்ளே இருக்கும் ஈரம் எப்படிப் பரவி வெளியேறுகிறது என்று நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் கணக்கிட நான் ஒரு நிரல் எழுதினேன். ஓட்டினால் திரை முழுக்க எச்சரிக்கை: எண் வரம்பு மீறியது, மதிப்பு செல்லாது. ஒரே வரியில் எச்சரிக்கைகளின் வாயை அடைத்தேன். செல்லாத மதிப்பு வந்த இடத்திலெல்லாம் பூஜ்யம், அதாவது ஈரமே இல்லை என்று, போட்டேன். படம் அழகாக வந்தது. இரண்டே நாளில் ஷீட் காய்ந்துவிடும் என்றது. இரண்டே நாளில் உணங்கிவிடும் என்று உன் சித்தப்பாவிடமும் சொன்னேன். அவர் அடுத்த லோடை இரண்டாம் நாளே ஏற்ற லாரிக்குச் சொல்லிவிட்டார்.

நீ மட்டும் நம்பவில்லை. நிரலைக் காட்டு என்று தினமும் கேட்டாய். நானோ உன்னை நம்பவில்லை. இதை வைத்து எழுதவிருந்த கட்டுரையில் உன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளத்தான் இந்தக் குடைச்சல் என்று நினைத்து, கணினியின் கடவுச்சொல்லை மாற்றினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன் பெயரைத்தான் வைத்தேன். உனக்கு அது தோன்றவே தோன்றாது என்ற தைரியம்.

நீ சண்டை போடவில்லை. இரண்டாம் நாள் மதியம் என்னை இழுத்துக்கொண்டு அருமனை பஸ்ஸில் ஏறினாய். கண் எரியப் புகைப்புரைக்குள் நுழைந்து, மூங்கிலில் தொங்கிய ஒரு ஷீட்டை எடுத்து வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாய். ஓரமெல்லாம் தேன் நிறம், நடுவில் பால் வெள்ளை. ஈரம் அப்படியே இருந்தது. கட்டி அனுப்பியிருந்தால் லோடு முழுக்கப் பூஞ்சை பிடித்திருக்கும். சித்தப்பா லாரியைத் திருப்பி அனுப்பினார். நீ அந்த வெள்ளையில் ஒரு துண்டு வெட்டி என் கையில் வைத்தாய். திரும்பும் பஸ்ஸில்தான் பூஜ்யம் போட்டதை ஒப்புக்கொண்டேன்.

"ஏட்டி, கம்ப்யூட்டர் 'எனக்கு அறியாது'ன்னு சொல்லிச்சு. நீ 'உணங்கியாச்சு'ன்னு எழுதி வச்சிருக்க."

அவ்வளவுதான் சொன்னாய். மறுநாள் தவற்றையும் நீயே கண்டுபிடித்தாய். கணக்கு ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் தாவ வேண்டும் என்ற நேரப் படியை, நீளத்தையும் அகலத்தையும் மட்டும் பார்த்து வைத்திருந்தேன். மூன்று மில்லிமீட்டர் தடிமனை நெருக்கமாகக் கூறு போட்டிருந்ததால் அந்தத் திசைக்கு அது மிகப் பெரிது. எண்கள் படிக்குப் படி வீங்கி வெடித்திருந்தன. படியைச் சிறிதாக்கியதும் எச்சரிக்கை தானாக நின்றது. நாலு நாள் என்றது நிரல்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், போன ஆடியில் என் செய்திகளுக்கு மூன்று நாள் பதில் வராதபோது, நீ வேலையாய் இருப்பாய், நன்றாகத்தான் இருப்பாய் என்று நானே நிரப்பிக்கொண்டேன். நான்காம் நாள் உன் அண்ணன் கூப்பிட்டு, நீ இறந்துவிட்டதாகச் சொன்னார். காய்ச்சலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாம். போன் வீட்டிலேயே கிடந்ததாம். என்னை இரண்டு தடவை கேட்டாயாம். ஒரு பஸ் தூரம்தான். மறுபடியும் பூஜ்யம் போட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த வெள்ளைத் துண்டு இப்போது முழுக்கக் காய்ந்து தேன் நிறமாகிவிட்டது. இன்றைய நிரலை வரிவரியாகச் சோதித்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகு, நேற்றிலிருந்து போனை எடுக்காத உன் அண்ணனைத் தேடி அருமனைக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"போன்ல சார்ஜ் இல்ல. அதுக்கா இவ்வளவு தூரம் வந்திய?"

அதற்குத்தான் என்றேன்.