நீர்மட்டக் கம்பி

இன்று காலை காப்பி மெஷினின் நீராவிக் குழாயைத் திறந்தேன். ஆவி வரவில்லை. வெந்நீர் பீறிட்டு வந்து பால் பாத்திரத்தை நிரப்பி மேசையெல்லாம் சிதறியது. எதிரே நின்ற பெண் விருந்தாளி ஓரடி பின்னால் நகர்ந்து, "என்னாச்சும்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஃபில்டர் காப்பி கொடுக்கச் சொல்லி சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பினேன். பிறகு மெஷினின் மின்சாரத்தை நிறுத்தினேன்.

என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். நீ கடைசியாக இங்கே வந்தது இதே கோளாறுக்குத்தான்.

சூடு ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மேல் தகட்டைக் கழற்றி, அளவுக்கு மேல் நிரம்பியிருந்த தண்ணீரை வடித்தேன். செம்புக் கொதிகலனின் தலையில் செருகியிருக்கும் அந்த மெல்லிய கம்பியை ஸ்பேனரால் திருகி உருவினேன். சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் அடியிலிருந்து பாதி உயரம் வரை வெள்ளை அப்பியிருந்தது. எலுமிச்சை உப்புக் கரைசலில் போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டது. திரும்ப மாட்டினேன். ஆறிய நேரத்தைக் கழித்துவிட்டால் எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிட வேலை.

பதினைந்து நிமிடம்தான்டி. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பில் நம் வகுப்பில் பதினொரு பெண்கள். பத்துப் பேர் பரீட்சைக்குப் படித்தோம். நீ ஆய்வகத்தில் இருந்த அழுத்தமானியைக் கழற்றினாய். திரும்ப மாட்டத் தெரியாமல், பாகங்களைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போய் ஆய்வக சார் மேசையில் வைத்தாய். "உள்ள என்ன இருக்குன்னு பாத்தேன் சார். இவ்வளவுதான் இருக்கு." அவர் உன்னைத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்ததும் நான் இந்த ஓட்டலில் வரவேற்பு மேசைக்கு வந்தேன். நீ சென்னைக்குப் போனாய். காப்பி மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் ஆறு வருடம். நடுவில் கல்யாணம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சூட்கேசோடும் அதைவிடக் கனமான ஒரு டூல்ஸ் பெட்டியோடும் காரைக்குடியில் வந்து இறங்கினாய். ஏன் வந்தாய் என்று ஊரே கேட்டது. என்னிடம் மட்டும்தான் ஒரு வரி சொன்னாய். "நான் கையில கிரீஸோட வீட்டுக்கு வாரது அவருக்குப் பிடிக்கல. அவரு கை சும்மா இருக்காதது எனக்குப் பிடிக்கல." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாய் ஓட்டலாகிக்கொண்டிருந்தன. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கினார்கள், வந்தவர்கள் எஸ்பிரெசோ கேட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து தேவகோட்டை வரைக்கும் அந்த மெஷினைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நீ. கண்டரமாணிக்கம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஓட்டலுக்கும் ஒரு பழைய இத்தாலி மெஷின் வந்தது. ஒன்பது வருடம் வரவேற்பு மேசையில் நின்ற எனக்கு பழைய வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரு காப்பி மூலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் என் பொறுப்பு என்று யாரும் கொடுத்த முதல் இடம் அதுதான்.

மெஷினை மாட்ட வந்த அன்று நீ அதைக் குடல் வேறு கறி வேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "இங்குட்டு வந்து பாருடி. வெளியதான் கார் மாதிரி மினுக்குது. உள்ள ஒரு வாய் அடைச்ச தவலை, அம்புட்டுத்தான்."

அந்தத் தவலையில் முக்கால்வாசி தண்ணீர், மேலே கால்வாசி ஆவி. அந்த ஆவிதான் பாலை நுரைக்க வைக்கிறது. காப்பிக்குப் போவது அந்தத் தண்ணீர் இல்லை என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. உள்ளே டார்ச் அடித்துக் காட்டினாய். கொதிகலனுக்கு நடுவே தனியாக ஒரு செம்புக் குழாய் ஓடியது.

"புதுத் தண்ணி இதுக்குள்ளதான் போகும். சுத்தி அம்புட்டும் கொதிக்கும். அதுல ஒரு சொட்டுக்கூட இதுல கலக்காது. சூட்டை மட்டும் வாங்கிக்கிட்டு அங்குட்டு வெளிய வந்துரும்."

"மாமியா வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நீ ஸ்பேனரைத் துடைத்தபடியே சொன்னாய். "ஆமா. நானும் சூட்டை மட்டும் வாங்கிக்கிட்டுத்தான வந்தேன்."

பம்பைக் காட்டினாய். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல நாலு மடங்கு அழுத்தத்தில் அது தண்ணீரைத் தள்ளும், அந்தத் தள்ளலில்தான் இறுக்கி வைத்த தூளுக்குள் தண்ணீர் புகுந்து இருபத்தைந்து, முப்பது விநாடியில் சாறாக இறங்கும் என்றாய். காப்பி இறங்கி முடிந்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது எதற்கு என்று கேட்டேன். "தூளுக்கு மேல நிக்கிற அழுத்தம் எங்குட்டுப் போகும்? போக வழி இல்லன்னா நீ கைப்பிடியைக் கழட்டுறப்ப தூளு மூஞ்சில அடிக்கும். இந்த வால்வு அதைக் கீழ திறந்து விட்டுருது" என்று விரல் நுனியளவு பித்தளைத் துண்டைத் தொட்டுக் காட்டினாய்.

கடைசியாக அந்தக் கம்பி. "இதுக்குக் கண்ணு இதுதான்டி. தண்ணி வந்து இதைத் தொட்டா லேசா கரண்டு ஓடும். போதும்னு பம்பு நின்னுரும். இது மேல உப்பு படிஞ்சிருச்சுன்னா தண்ணி தொட்டாலும் தெரியாது. நெறஞ்சு கிடக்குறதே தெரியாம ஊத்திக்கிட்டே இருக்கும்."

நான் தலையாட்டினேன். அன்றைக்கே எல்லாம் சொல்லிவிட்டாய். என் மண்டையில்தான் ஒன்றும் ஏறவில்லை.

நீ மெஷினுக்குள் கையை விட்டிருக்கும்போது ஒரு விருந்தாளி வந்து, "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று உன்னிடமே கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "வந்துட்டாரு சார். கை மாட்டிக்கிச்சு, அதான் எந்திரிக்க முடியல" என்றாய். எவ்வளவு சிரித்தோம். இத்தனை மெஷின் பார்த்தும் நீ காப்பி குடிக்கமாட்டாய். வாசனையே தலைவலி என்பாய். வேலை முடிந்ததும் வெளியே போய் டீ குடித்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுப்பாய்.

எங்கள் ஓட்டலில் ஆழ்குழாய்த் தண்ணீர். உப்பு அதிகம். அதனால் மெஷினுக்கு முன்னால் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் ஒரு உருளையை மாட்டினாய். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதில் கல்லுப்பு போட்டு அலச வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுச் சொன்னாய். "இது தண்ணிக்கும் உப்புக்கும் நடக்குற சண்டை. நீ நடுவுல இருந்து பாத்துக்கணும், அம்புட்டுத்தான் உன் வேலை."

முதல் வருடம் தவறாமல் செய்தேன். பிறகு ஒருமுறை தள்ளிப்போட்டேன். இன்னொரு முறையும். மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை நீராவிக் குழாயில் தண்ணீர் வந்தது. மறுநாள் சென்னையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்து தங்குவதாக இருந்தது. உனக்குப் போன் போட்டேன்.

"திங்கக்கெழமையிலருந்து காய்ச்சல்டி. இன்னைக்குத்தான் விட்டிருக்கு. நாளைக் கழிச்சுப் பாப்போமே" என்றாய்.

சரி என்று வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போட்டேன். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "வயித்தை வலிக்குதுடி. எதுவும் திங்க முடியல" என்றாய்.

மூன்றாவது முறை போட்டபோது நான் அழுதேன். "முதலாளி கத்துறாக. நாளைக்கு மெஷின் ஓடலைன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக போலடி" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், இனி உன்னால் கோபப்பட முடியாது என்கிற தைரியத்தில். முதலாளி கத்தவில்லை. சென்னையிலிருந்து போனில், "முடிஞ்சா சரி பண்ணிருங்கம்மா, இல்லன்னா ஃபில்டர் காப்பி குடுத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். ஃபில்டர் காப்பி கொடுத்திருக்கலாம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் சந்தோஷமாகக் குடித்திருப்பார்கள். என் மூலை இருட்டாகக் கிடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்காக ஒரு பொய்.

நீ அதை நம்பினாய். "அழுகாத. வாரேன்" என்றாய்.

பதினோரு மணி வெயிலில் ஸ்கூட்டியில் வந்தாய். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும், "எம்புட்டு நேரமாகும்?" என்றுதான் கேட்டேன். மெஷின் ஆறும்வரை முற்றத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். நான் அங்குட்டும் இங்குட்டும் அறைச் சாவிகளோடு ஓடிக்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை.

கம்பியைக் கழற்றியதும், "இங்குட்டு வா, பாத்துக்க. அடுத்த தடவை நீயே செஞ்சுக்கலாம்" என்று கூப்பிட்டாய். "வேலை கிடக்குடி, நீயே முடிச்சிரு" என்றேன்.

அந்த மூலையில் கல்லுப்பு மூட்டை இருந்தது. நான் திரும்பி வந்தபோது நீ அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். தையல்கூடப் பிரிக்காத மூட்டை. என்னை நிமிர்ந்து பார்த்தாய். என்னைத் திட்ட உனக்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. உருளையைத் திறந்து நீயே உப்பு போட்டு அலசி, கையைத் துடைத்துக்கொண்டாய்.

போகும்போது டீக்கடைப் பக்கம் நீ திரும்பவில்லை. நேராகப் போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் நாற்பது கப்புச்சினோ போட்டேன். அன்று மாலை உன்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு. சனிக்கிழமை நான் வந்தபோது உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நினைக்கிற அந்த இரண்டு நாள்தான் ஆபத்து, அப்போதுதான் படுத்து ஓய்வெடுத்துத் தண்ணீர் நிறையக் குடித்துக் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் உன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வராமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாயா? அந்த டாக்டரிடமே ஒருநாள் போய்க் கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அழவில்லை. அழுது முடித்திருந்தார்கள்.

"எந்திரிக்காதடின்னுதான் சொன்னேன். நீ அழுதியாம். 'அவளுக்கு அந்த வேலைய விட்டா என்னம்மா இருக்கு'ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தா" என்றார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். "வேலை நெலைச்சுச்சா தாயி?"

"நெலைச்சுச்சும்மா" என்றேன்.

"அது போதும்" என்றார்கள். "அவ போனதுக்கு அதாவது மிஞ்சுச்சே."

அதன் பிறகு உண்மையை எப்படிச் சொல்வேன்? அவர்களுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டு என் மனத்தைக் கழுவிக்கொள்ளவா? மாதம் ஒருமுறை போகிறேன். ஒவ்வொரு முறையும் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். சம்பளம் ஏறியதா, முதலாளி இப்போதும் கத்துகிறாரா என்று கேட்கிறார்கள். "இப்ப கத்துறதில்லம்மா" என்கிறேன். ஒரு பொய்க்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன்.

இரண்டு வருடமாகப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவைகூடத் தவறாமல், கல்லுப்பு போட்டு அலசுகிறேன். அப்படியும் இன்று கம்பியில் படிந்துவிட்டது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் படியத்தான் செய்யும் என்று நீ இருந்தால் சொல்லியிருப்பாய். அன்றே ஒழுங்காகச் செய்திருந்தாலும் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டிருப்பேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். தேறவில்லை.

இந்த வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து விட்டுவிடுகிறேன். நாளைக்கும் ஆறரை மணிக்கு வந்து சுவிட்சைப் போடுவேன். கொதிகலன் சூடேறி அழுத்தம் சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் மேசையைத் துடைத்து, கோப்பைகளை அடுக்கி, காப்பிக்கொட்டையை அரைவை மெஷினில் நிரப்பிவிட முடியும். அதன் பிறகும் பத்து நிமிடம் மிச்சமிருக்கும். யாரும் எழுந்து வந்திருக்க மாட்டார்கள். செய்ய ஒரு வேலையும் இருக்காது. அழுத்தமானியின் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பத்து நிமிடத்தைத் தினமும் எப்படிக் கடப்பது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.